தெய்வம் என்று சொன்னால் போதுமா?

மனநோய் உள்ள பிள்ளையையோ தம்பியையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால், நம்மவர்கள் உடனே ஒரு வார்த்தை சொல்வார்கள்: "அவங்க மனுஷியே இல்லப்பா, தெய்வம்." கோயில் மண்டபத்தில் சொல்வோம், கல்யாண வீட்டில் சொல்வோம், அன்னையர் தினத்தன்று வாட்ஸ்அப்பிலும் போடுவோம். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த வார்த்தை மனசார வருவதுதான், சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெய்வத்துக்குத் தூக்கம் தேவையில்லை. முதுகு வலிக்காது. இ.பி.எப். பணம் வேண்டாம். யாராவது வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நன்றாயிருக்குமே என்ற ஏக்கம் இருக்காது. ஒருவரைத் தெய்வமாக்கிவிட்டால், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவரிடம் கேட்க வேண்டிய அவசியமே நமக்கு இல்லாமல் போகிறது.

ஆகவே இளைஞர்களாகிய நாம் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளம் இல்லாமல், விடுமுறை இல்லாமல் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? அல்லது அது அந்தக் குடும்பத்தின் தலையெழுத்து என்று விட்டுவிடலாமா?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம்

நான் இங்கே பேசுவது மனச்சிதைவு நோயைப் பற்றி. ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை 1908-ல் ஸ்விட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் ப்ளாய்லர் வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதாவது 300 பேருக்கு ஒருவர். பெரியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 222 பேருக்கு ஒருவர். நம் கோயில் திருவிழா அன்னதானத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வரிசையில் நிற்கும் யாரோ ஒருவர் வீட்டில் இந்த நோய் இருக்கத்தான் செய்யும்.

பெரும்பாலும் இது பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. எஸ்.பி.எம். முடித்து, கல்லூரியிலோ பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியிலோ சேர்ந்த நேரம். அதாவது இந்த இதழைப் படிக்கும் உங்கள் வயது.

யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்பது, பக்கத்து வீட்டார் தன்னை ஒழிக்கத் திட்டம் போடுகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, இவை வெளியே தெரியும் அடையாளங்கள். வெளியே தெரியாத பகுதி ஒன்றும் உண்டு. குளிக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது, எதிலும் ஆசை இருக்காது. நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பார். இதைத்தான் வீட்டுக்கு வரும் மாமாக்கள் "சோம்பேறி, சோத்துக்குத்தான் லாயக்கு" என்பார்கள். அது சோம்பல் இல்லை, நோயின் ஒரு பாதி.

இது பெற்றோர் வளர்ப்பினால் வருவதில்லை. செய்வினையாலும் வருவதில்லை. 1952-ல் முதல் மருந்து பயன்பாட்டுக்கு வந்த பிறகு, கட்டுப்படுத்தக்கூடிய நோயாகிவிட்டது. குறைந்தது மூவரில் ஒருவர் முழுமையாகக் குணமடைய முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களில் பலரும் மருந்தோடும் துணையோடும் நல்லபடியாக வாழ்கிறார்கள். அந்த "துணை" என்ற சொல்லுக்குள்தான் ஒரு மனிதரின் முழு வாழ்க்கையும் போய்விடுகிறது.

சம்பளமில்லாத வேலை

ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ ஒரு பிளாட் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதைத் தாண்டிய அம்மா, முப்பது வயது மகன். காலையில் மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, விழுங்கினானா என்று பார்க்க வேண்டும். கத்தியை எங்கே வைத்தோம் என்பது மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இராத்திரி இரண்டு மணிக்கு அவன் ஹாலில் நடந்துகொண்டிருந்தால் இவருக்கும் தூக்கம் போச்சு. கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னால் மன்னிப்புக் கேட்பதும் இவர்தான்.

மாதம் ஒருமுறை ஊசிக்கோ மருந்துக்கோ ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணர் கிளினிக்குக் கட்டணம் 5 வெள்ளி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்து கவுண்டரில் மறுபடி உட்கார்ந்து வீடு திரும்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். நாள்கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம். இப்படி அடிக்கடி லீவு கேட்கிறவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? கடைசியில் வேலையை விட்டுவிடுகிறார்கள். சம்பளம் நின்ற அன்றைக்கே இ.பி.எப். சந்தாவும் நின்றுவிடுகிறது. தம் முதுமைக்கென்று வைத்த காசு வளராமல் போகிறது.

சமூகநல இலாகாவில் பராமரிப்பாளருக்கு உதவித்தொகை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதன் பெயரிலேயே "தெர்லந்தார்" என்ற சொல் இருக்கிறது, படுத்த படுக்கையாகக் கிடப்பவர் என்று அர்த்தம். மனச்சிதைவு உள்ளவர் நடப்பார், பேசுவார், சில நேரம் கதவைத் திறந்துகொண்டு போயும்விடுவார். அவரைப் பார்த்துக்கொள்வதன் கஷ்டமே அவர் படுத்துக் கிடக்காததுதான். அந்தக் கஷ்டத்துக்கு அந்த விண்ணப்பத்தில் இடமில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு, மனிதர்கள் வராமல் போவது. முதல் வருஷம் சொந்தக்காரர்கள் வருவார்கள். இரண்டாம் வருஷம் போன் செய்வார்கள். பிறகு கல்யாணப் பத்திரிகை மட்டும் வரும், அதுவும் "அவன கூட்டிட்டு வர வேணாம்" என்ற சொல்லப்படாத நிபந்தனையோடு. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அண்ணன் இருப்பதையே மறைக்க வேண்டியிருக்கும். பொய் சொல்லப் பழகாத குடும்பங்களும் இந்த இடத்தில் பொய் சொல்லப் பழகிக்கொள்கின்றன.

"அது அவங்க கர்மா"

இதைக் கேட்டதும் நம்மில் சிலர் சொல்வது இது: "என்ன செய்ய, அது அவங்க கர்மா." நாம் இந்து இளைஞர்கள். கர்மா என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனாலேயே இந்த வாதத்தைச் சரியாகப் பார்த்துவிடுவோம்.

பசித்து வரும் ஒருவருக்கு நாம் அன்னதானம் போடுகிறோம். "இவன் பசி இவன் கர்மா, நாம் ஏன் குறுக்கே போக வேண்டும்?" என்று எந்தக் கோயில் நிர்வாகமும் கேட்டதில்லை. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கும்போதும் அவருடைய முன்வினைக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. பசிக்கும் காயத்துக்கும் கேட்காத கேள்வியை மனநோய்க்கு மட்டும் ஏன் கேட்கிறோம்? நமக்கு அந்த நோயைப் பார்த்தால் பயம். அந்தப் பயத்துக்கு மரியாதையான ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, கர்மாவை அதற்குப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

கர்மா என்றால் செயல். அடுத்தவர் ஏன் இந்த நிலைக்கு வந்தார் என்று தீர்ப்புச் சொல்ல அந்தக் கொள்கை நமக்கு அதிகாரம் தரவில்லை, அந்தக் கணக்கு நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது இப்போது நாம் செய்யப்போவது ஒன்றுதான். துன்பப்படுகிறவரைப் பார்த்து "உன் கர்மா" என்று சொல்லிவிட்டு நகர்வதும் ஒரு செயல்தான். அதுவும் கணக்கில் ஏறும், நம் கணக்கில்.

இன்னொரு விஷயம். இந்த வார்த்தை போய் விழும் இடம் அம்மாவின் காது. "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று ஏற்கெனவே இராத்திரியில் அழுதுகொண்டிருப்பவர் அவர். அவருக்கு நாம் தரும் பதில் அதே பாவத்தை உறுதி செய்வதாக இருந்தால், அதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம்.

களைத்துப் போவது பாவமா?

பார்த்துக்கொள்பவர்கள் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. சில நாட்களில் அவர்களுக்குக் கோபம் வரும். சில நாட்களில் "எங்கேயாவது ஓடிப் போயிடலாமா" என்று தோன்றும். "இவன் எனக்கு முன்னாடி போயிட்டா நல்லது" என்றுகூட நினைப்பு வரும். நினைத்த அடுத்த நிமிடம் தன்னையே வெறுப்பார்கள், சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நாம்தான் அவரைத் தெய்வம் என்று சொல்லி வைத்திருக்கிறோமே, தெய்வம் இப்படி நினைக்கலாமா?

இதற்கு நம் மரபிலேயே நல்ல பதில் இருக்கிறது. திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவர். ஆயுர்வேதத்தின் சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்கிறது. கவனித்துக்கொள்பவரை ஏதோ கூடுதல் உதவி என்று அவர்கள் நினைக்கவில்லை. மருத்துவத்தில் நான்கில் ஒரு பங்கு அவர்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மருந்து காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி சிகிச்சையோ, அப்படித்தான் கவனிப்பவர் உடைந்து போகாமல் பார்த்துக்கொள்வதும். அவருடைய தூக்கமும் ஓய்வும் நோயாளியிடமிருந்து திருடியவை ஆகாது. நோயாளியின் சிகிச்சையில் சேர்ந்தவை அவை.

நவீன ஆராய்ச்சியும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மறுபடி வருகிறது என்று கவனிக்கத் தொடங்கினார். ஓயாத குறை, வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பொத்திப் பாதுகாப்பு, இவை இருந்த வீடுகளில் நோய் அதிகம் திரும்பியது. 1976-ல் வந்த இன்னோர் ஆய்வு, அப்படிப்பட்ட வீடுகளில்கூட இருவரும் நேருக்கு நேர் இருக்கும் நேரம் வாரத்துக்கு 35 மணிக்குக் குறைவாக இருந்தால் ஆபத்து குறைகிறது என்று காட்டியது. பிறகு சண்டிகரில் பார்த்தபோது, அங்குள்ள குடும்பங்களில் இந்தக் குறைசொல்லும் பழக்கம் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தது.

இதைக் குடும்பத்தின் மேல் பழி போடப் பயன்படுத்தக் கூடாது. குடும்பம் நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஐந்து வருஷம் தனியாகக் கிடந்து உழன்ற எந்த மனிதரும் எரிந்து விழத்தான் செய்வார். அவரைத் தனியாக விட்டது யார்? ஒரு வாரத்தில் சில மணி நேரம் அம்மாவும் மகனும் ஒருவரை ஒருவர் பிரிந்திருக்க வழி செய்தால் இருவருக்குமே நல்லது. அந்தச் சில மணி நேரத்தை வெளியே இருக்கும் யாராவது கொடுத்தால்தான் உண்டு.

ஒரு கையெழுத்து

அடுத்தது இதைவிடக் கஷ்டமான கேள்வி. நோய் முற்றும்போது நோயாளி "எனக்கு ஒண்ணுமில்ல, நான் வரமாட்டேன்" என்பார். அப்போது என்ன செய்வது?

நம் நாட்டில் மனநலச் சட்டம் 2001 இருக்கிறது, 2010-ல் அமலுக்கு வந்தது. அதன்படி நோயாளி சம்மதிக்காத நிலையில் உறவினர் ஒருவர் விண்ணப்பம் செய்யலாம். மருத்துவர் ஒருவர் நோயாளியை நேரில் பரிசோதித்துச் சிபாரிசு செய்ய வேண்டும். ஆக, அந்தத் தாளில் அக்காவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். "என் தம்பிய நானே பிடிச்சுக் குடுத்துட்டேன்" என்ற எண்ணம் அந்த அக்காவை வருஷக் கணக்கில் அரிக்கும்.

வட மாநிலங்களில் நமக்கு இதில் கூடுதல் பாரம் உண்டு. பேராவில் 1911-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயர் தஞ்சோங் ரம்புத்தான். அந்த ஊர்ப்பெயரையே நாம் வசவாக்கிவிட்டோம். "உன்னத் தஞ்சோங் ரம்புத்தான்லதான் சேக்கணும்" என்று கேலி பேசாத பள்ளிக்கூடம் உண்டா? மருத்துவமனைக்கு இன்றைய பெயர் பஹாகியா, மகிழ்ச்சி என்று பொருள். பெயரை அரசாங்கம் மாற்றியது, நம் வாய் மாறவில்லை. அந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நாள் நோய் வந்தால், அவன் ஆஸ்பத்திரிக்கு வர மறுப்பதில் என்ன ஆச்சரியம்?

சரி, கையெழுத்துப் போடுவது துரோகமா? தர்மசங்கடத்தில் மூன்று கேள்விகள் உதவும் என்று நினைக்கிறேன். இது அவருடைய நன்மைக்கா, என் வசதிக்கா? இதற்கு ஒரு முடிவு உண்டா, அவர் தேறியதும் வீட்டுக்கு வருவாரா? அங்கே இருக்கும் நாட்களில் நான் போய்ப் பார்ப்பேனா? மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்தால், அந்தக் கையெழுத்து அன்பினால் போட்ட கையெழுத்து. காய்ச்சலில் பிதற்றும் குழந்தை மருந்து வேண்டாம் என்றால் நாம் விட்டுவிடுவதில்லை. ஆனால் அவர் குழந்தை இல்லை, வளர்ந்த மனிதர் என்பதையும் மறக்கக் கூடாது. தெளிவாக இருக்கும் நாட்களில், "மறுபடி முடியாம போனா நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்று அவரிடமே கேட்டு வைப்பது மரியாதை. அப்போது அந்தக் கையெழுத்து பாதி அவருடையதாகவும் ஆகிவிடும்.

கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் தமிழர்கள் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பல மதத்துக் குடும்பங்களும் நம்பிக்கையோடு போகும் ஊர் அது. சங்கிலி மாட்டியவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்ல முடியாது. வேறு உதவி கிடைக்காத, களைத்துப்போன மனிதர்கள் கடைசியாகத் தேடிய வழி அது. களைப்பை நாம் கவனிக்காவிட்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோயிலா, ஆஸ்பத்திரியா?

இந்தச் சண்டை தேவையற்றது. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை மருத்துவர்கள் கவனித்தார்கள். வீட்டார் ஒருவரும் கூடத் தங்குவார். காலையில் எழுந்து வழிபாட்டில் கலந்துகொள்வது, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இவ்வளவுதான். சில வாரங்களில் அவர்களின் நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. எனவே "கோயிலே போதும், மாத்திரை வேண்டாம்" என்று இதை வைத்துச் சொல்லவே கூடாது. மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து பெரிது.

அந்த ஆய்வு சொல்லும் செய்தி வேறு. யாரும் துரத்தாத, யாரும் முறைக்காத, செய்ய ஒரு சின்ன வேலையும் கூட ஒரு மனிதரும் உள்ள இடம் நோயாளிக்கு இதம் தருகிறது. அப்படிப்பட்ட இடமாக நம் பினாங்குக் கோயில்களும் இருக்கலாமே? மருந்தை ஆஸ்பத்திரி கொடுக்கட்டும், இடத்தை நாம் கொடுப்போம்.

குடும்பத்தைச் சிகிச்சையோடு சேர்த்துக்கொள்வது இந்தியாவில் புதிய எண்ணமும் இல்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்க வைத்தார். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1957 முதல் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை வந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 2021-ல் 98 வயதில் அவர் மறையும்வரை அந்தப் பணி அவரோடு இருந்தது.

யாருடைய கடமை?

"குடும்பம்தானே பார்க்கணும்?" ஆமாம். ஆனால் குடும்பம் என்று நாம் சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? நான்கு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கல்யாணமாகாத ஒரு மகள் பார்த்துக்கொள்வார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மாதம் பணம் அனுப்புவார். அந்தப் பணம் தேவைதான், நன்றிக்குரியதுதான். ஆனால் இராத்திரி இரண்டு மணிக்குப் பணம் எழுந்து உட்காராது. கடமை என்பது பிறப்பால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக வந்தது. கல்யாணமாகவில்லை என்பதாலோ பெண் என்பதாலோ ஒருத்தியின் பங்கு நான்கு மடங்காக ஆகாது.

"வெளி ஆள் உதவினால் சொந்தக்காரர்கள் இன்னும் நழுவிவிடுவார்களே?" என்ற சந்தேகமும் நியாயமானது. நடைமுறையில் பெரும்பாலும் வேறு மாதிரி நடக்கும். சொந்தங்கள் விலகுவது கல்நெஞ்சால் மட்டுமில்லை, "உள்ளே காலை வைத்தால் முழுதாக மாட்டிக்கொள்வோம்" என்ற பயத்தாலும்தான். பாரத்தைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால், தன் சின்னப் பங்கைக் கொடுக்க அவர்களும் வருவார்கள்.

இந்த வீடுகளில் எல்லாம் சொல்லாமல் கிடக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் போன பிறகு இவன யார் பாப்பா?" அந்த அம்மாவின் பயம் சாவைப் பற்றியது இல்லை, அதற்கு அடுத்த நாளைப் பற்றியது. அந்த அடுத்த நாளில் இருக்கப்போவது நீங்கள்தான், தம்பியாக, தங்கையாக, அத்தை மகனாக, பக்கத்து வீட்டுக்காரராக. அம்மா இருக்கும்போதே மருந்துப் பெயரும் டாக்டர் பெயரும் தெரிந்துகொள்ளாதவர், அன்றைக்குத் திடீரென்று என்ன செய்துவிட முடியும்?

காவடியைப் பாருங்கள்

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி வருவதை நாம் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். காவடி எடுப்பவர் ஒருவர்தான். ஆனால் அவர் என்றைக்காவது தனியாக நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார், களைத்தால் உட்கார வைக்க. ஒருவர் தண்ணீர் வைத்திருப்பார். ஒருவர் காலைப் பிடித்துவிடுவார். உறுமி மேளம் முன்னால் போகும். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். மலையில் 513 படி ஏறும்போது "வேல் வேல்" என்று பின்னால் குரல் கொடுக்க ஒரு கூட்டம். நேர்த்திக்கடன் அவருடையது. ஆனால் அவர் மலையேறி முடிக்க வேண்டும் என்ற அக்கறை எல்லாருக்கும் உண்டு. முக்காலியில் அவர் உட்கார்ந்தால் "பக்தி இல்லாதவன்" என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு நாள் காவடிக்கு இவ்வளவு ஏற்பாடு செய்யத் தெரிந்த சமூகம் நாம். இருபது வருஷக் காவடிக்கு ஒரு முக்காலி கொடுக்கத் தெரியாதா? (காவடி என்று நான் சொல்வது நோயைத்தான், மகனை இல்லை. மகனும் அம்மாவும் சேர்ந்து அதைத் தூக்குகிறார்கள். தோள் அவனுக்கும் வலிக்கிறது.)

முக்காலி கொடுப்பது என்றால் என்ன? நம்மால் முடிந்தவை இவை:

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், இரண்டு மணி நேரம் போய் உட்காருங்கள். கேரம் ஆடலாம், டிவி பார்க்கலாம், சும்மாவும் இருக்கலாம். அந்த நேரத்தில் அம்மா தூங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும். ஒரு மாதம் போய்விட்டு நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். வராமல் போனவர்கள் ஏற்கெனவே நிறைய பேர்.

கிளினிக் நாளன்று காரில் கூட்டிக்கொண்டு போங்கள். ஓ.கே.யூ. அட்டைக்கான ஏழு பிரிவுகளில் மனநலக் குறைபாடும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. விண்ணப்பத் தாளை நிரப்பிக் கொடுங்கள், இலாகாவுக்குக் கூட நடங்கள்.

ஆலோசனை சொல்லாதீர்கள். "அந்தச் சாமியார்கிட்ட காட்டினீங்களா?" என்ற கேள்வியை அவர்கள் நூறு தடவை கேட்டுவிட்டார்கள். "சாப்டீங்களா, தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். வீட்டில் பார்த்ததை வெளியே பேசாதீர்கள்.

நோயாளியிடம் நேராகப் பேசுங்கள். அவர் எதிரில் இருக்கும்போதே "இவர் எப்படி இருக்கார்?" என்று அம்மாவிடம் கேட்பது அவமானம். வயதுக்குத் தக்கபடி அண்ணன், தம்பி என்றே கூப்பிடுங்கள். 'மெண்டல்', 'கிறுக்கு' என்ற சொற்களை விளையாட்டுக்கும் பேசுவதை நிறுத்துங்கள்.

நம் எல்லையையும் தெரிந்து வைத்திருப்போம். நாம் மருத்துவர்கள் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 999. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 'ஹீல்' 15555. கவனிப்பவர் தாமே உடைந்துபோகிற நிலையிலும் அந்த எண்ணைக் கூப்பிடலாம்.

நாம் இப்படி உதவுவதால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பவருக்குக் கிடைக்கும் உதவி, மனநோயாளியைப் பார்ப்பவருக்கும் வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க இளைஞர் இயக்கங்களுக்கு உரிமை உண்டு. சேவையும் செய்வோம், நியாயமும் கேட்போம்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நாம் கடன்பட்டிருக்கிறோமா? ஆம். அந்த அம்மா பார்த்துக்கொள்ளும் அந்த மகன், அவர் இல்லாவிட்டால் தெருவில் நிற்பார். அப்போது அவர் நம் எல்லாருடைய பொறுப்பாகவும் ஆகியிருப்பார். நம் எல்லாருக்கும் சேர வேண்டிய ஒரு வேலையை ஒருவர் மட்டும் செய்துகொண்டிருக்கிறார். அதற்குப் பெயர் கடன். புகழ்ச்சியால் அந்தக் கடன் அடையாது.

அடுத்த முறை யாராவது "அவங்க தெய்வம்பா" என்று சொன்னால், "ஆமா, இந்த சனிக்கிழம அவங்க வீட்டுக்குப் போறேன், நீயும் வர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள்.